பந்தயப் படகுகளில் ரிக் (மரம், பாய், கயிறு), எடை, கிளாஸ் (படகு வகை) விதி: பார்த்ததைப் பகிருங்கள்

பாய்க்கயிறு:
ஐஎல்சிஏ (முன்பு லேசர் என்று பெயர்) என்ற, ஒருவர் ஓட்டும் பாய்ப்படகில் ஹல் (படகின் உடல்), மரம் (பாய்மரம்), பாய் எல்லாமே உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடம்தான் வாங்க வேண்டும். நாம் கவனிக்க மிஞ்சுவது அலுமினிய மேல்மரம், அதாவது இரண்டு துண்டான மரத்தின் மேல்துண்டு. வாங்கை (பூமைக் கீழே இழுக்கும் கயிறு) இறுக்கினால் பூம் (பாயின் அடிக்கட்டை) மரத்தை முன்னே தள்ளும், நுனி பின்னே சாயும். பலத்த காற்றில் காலருக்கு (இரு துண்டும் சேரும் இடத்து வளையம்) பக்கத்தில் வளைந்தது வளைந்தபடி நின்றுவிடும். அப்படி நிரந்தர வளைவு விழுந்த மரத்தை விதி ஒருபோதும் அனுமதிக்காது.

மேல்மரத்தைச் சமதளத்தில் உருட்டிப் பாருங்கள். அடியில் தெரியும் வெளிச்சம் கூடிக் குறைந்தால் வளைவு உண்டு. காலர் ரிவெட் துளையைச் சுற்றி நகத்தால் தடவுங்கள், மயிரிழை விரிசல் தட்டுப்படும். ரிவெட் படகின் பின்புறம் பார்க்கும்படி மேல்மரத்தைச் செருகுங்கள். வளையும்போது முன்பக்கம் இழுபடும், பின்பக்கம் அமுங்கும். இழுபடும் பக்கத்துத் துளையிலிருந்துதான் விரிசல் ஓடும். ஸ்டீல் ரிவெட் வேண்டவே வேண்டாம், உப்புத் தண்ணீரில் அதைச் சுற்றி அலுமினியம் அரித்துப்போகும்.

அலையோசை:
காம்போசிட் (இழையும் ரெசின் பசையும் சேர்ந்த) மேல்மரம் வந்தபின் வளைவுத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் மூட்டில் மணல் புகுந்தால் அரம் மாதிரி இழையைத் தேய்க்கும். செருகும் முன் இரண்டு துண்டையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வெயிலில் போட்டு வைக்காதீர்கள், உறை போடுங்கள்.

நங்கூரம்:
விதி எதை அளக்கவில்லையோ அங்கேதான் படகு கட்டுபவரின் மூளை போகும். ஒருவர் ஓட்டும் ஃபின் என்ற படகு வகை அதற்கு நல்ல சாட்சி. மொத்த எடையை மட்டும் அளந்தால், முனைகளை மெலிதாக்கி எடையை நடுவில் குவிப்பார்கள். அலையில் மூக்கு குறைவாக ஆடும், படகு வேகமாகப் போகும். அதைத் தடுக்கத்தான் லம்போலே சோதனை. ஹல்லைத் தொங்கவிட்டு ஆட்டி, ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை அளப்பார்கள். தொங்கும் உயரத்தை மாற்றி மறுபடி ஆட்டுவார்கள். இரண்டு நேரத்தையும் வைத்து எடை எவ்வளவு பரவியிருக்கிறது, எடைமையம் எங்கே என்று கணக்கிடலாம்.

பாய்க்கயிறு:
தடை வந்து பின்னால் அனுமதியான கதையும் உண்டு. 1938இல் பீட்டர் ஸ்காட்டும் ஜான் வின்டரும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோப்பையை டிரப்பீஸ் (மரத்திலிருந்து தொங்கும் கம்பியைப் பிடித்து உடலைப் படகுக்கு வெளியே சாய்க்கும் அமைப்பு) போட்டு வென்றார்கள். அவர்கள் ஓட்டிய இன்டர்நேஷனல் 14 (இருவர் ஓட்டும் படகு) கிளாஸ் உடனே அதைத் தடைசெய்தது. இன்று டிரப்பீஸ் இல்லாத 14ஐ யாரும் நினைத்தே பார்க்க மாட்டார்கள்.

நங்கூரம்:
ஃபின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: மூக்கில் அடிபட்டுப் பழுதுபார்த்தால் ரெசினை அள்ளிப் பூசாதீர்கள். நடுவில் சேரும் ஒரு கிலோவைவிட முனையில் சேரும் ஒரு கிலோ பல மடங்கு உறைக்கும், ஏனென்றால் தூரத்தின் வர்க்கம் கணக்கில் வருகிறது. பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, கண்ணாடியிழைத் துணியை நனைக்கும் அளவுக்கு மட்டும் ரெசின் போதும்.