புதுப்பிப்பு: மேக்னசைட் எலெக்ட்ரான் அடர்த்தி, கட்டச் சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. நம்ம சேலத்து வெள்ளைக்கல்லுக்கு, அதாவது மேக்னசைட்டுக்கு, வாஸ்ப் என்ற எலெக்ட்ரான் அமைப்புக் கணிப்பு மென்பொருளில் பேடர் மின்சுமை (எலெக்ட்ரான் அடர்த்தியை அணுவாரியாகப் பிரித்துக் கிடைக்கும் மின்சுமை) எடுத்தால், கட்டம் (அடர்த்தி பதிவாகும் புள்ளிகளின் வலை) மாறும்போதெல்லாம் எண்ணும் மாறுகிறது என்று கேட்டிருந்தேன்.

கே-புள்ளிகளை (படிகத்தின் தலைகீழ் வெளியில் கணக்கிடும் புள்ளிகளை) அதிகமாக்கியதில் பயனில்லை. உள்ளக அடர்த்தியையும் எழுதச் சொல்லும் எல்ஏஇசிஎச்ஜி அமைப்பை ட்ரூ ஆக்கி, மூன்று திசைகளிலும் கட்டப் புள்ளிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் என்ஜிஎக்ஸ்எஃப், என்ஜிஒய்எஃப், என்ஜிஇசட்எஃப் மூன்றையும் இரட்டிப்பாக்கியதுதான் கைகொடுத்தது. ஏஇசிகார்0 (உள்ளக எலெக்ட்ரான் அடர்த்திக் கோப்பு), ஏஇசிகார்2 (இணைதிற எலெக்ட்ரான் அடர்த்திக் கோப்பு) இரண்டையும் கூட்டி பேடர் நிரலுக்கு ஒப்பீட்டுக் கோப்பாகக் கொடுக்க வேண்டும். அதற்குமுன் ஏஇசிகார்0-இன் மதிப்புகளை மட்டும் கூட்டி, கட்டப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 10 அணுக்கள் உள்ள அலகுக்கூட்டில் உள்ளக எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையான 36 வர வேண்டும் (மக்னீசியத்துக்கு 2 இணைதிற எலெக்ட்ரான் வைத்த பொட்டென்ஷியல் கோப்பு என்றால்). வராவிட்டால் கட்டம் போதவில்லை. அணுக்கருவை ஒட்டி உள்ளக அடர்த்தி அவ்வளவு கூர்மையாக ஏறுகிறது.

எதிர்பாராதது ஒன்று: பழைய சிஎச்ஜிகார் (மின்சுமை அடர்த்திக் கோப்பு) புதுக் கட்டத்துக்குப் பொருந்தாது. வேவ்கார் (அலைச்சார்புக் கோப்பு) பொருந்தும், அதிலிருந்தே தொடங்கலாம். கோப்புகள் 8 மடங்கு பெருக்கும், வட்டில் இடம் இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.