தண்ணி படாமல் ரோலர் சுத்தினால் சுருள் நிக்குமா? (மகளின்ர முடி)

ஸ்காபரோ_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என்ர மகளுக்கு 9 வயசு. தகப்பன் ஜமேக்காக்காரர், பிள்ளைக்கு அப்பிடியே அவரின்ர முடி. பேனைக்குள்ள இருக்கிற ஸ்பிரிங்கை விடச் சின்னச் சுருள். இழுத்துப் பிடிச்சால் தோளுக்குக் கீழ வரும், கையை விட்டால் காதுக்கு மேல ஏறிடும்.

போன வருசம் வரைக்கும் அவளின்ர அப்பம்மாதான் தலை பாத்தவ. சனிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிய, பிள்ளையை நிலத்தில இருத்தி, தன்ர ரெண்டு முழங்காலுக்கும் நடுவில பிடிச்சுக்கொண்டு, ரோசாக் கலர் ஸ்பொஞ்ச் ரோலர் சுத்துவா. தலையை நனைக்கவே மாட்டா, அது எனக்கு நல்லா ஞாபகம். விடிய சேர்ச்சுக்குப் போகேக்க சுருள் சுருளா தோளில விழும். இப்ப அவ ஜமேக்காவுக்கு, மாண்டவில்லுக்குத் திரும்பிப் போயிட்டா. போனில கேட்டால் "உன்ர கைக்குத் தெரியும்" எண்டு மட்டும் சொல்லுறா. என்ர கைக்குத் தெரியேல்லை.

ரெண்டு தரம் செய்து பாத்தன். முதல் தரம் என்ர முடிக்குச் செய்யிற மாதிரி நனைச்சுச் சுத்தினன். விடிய வெளியால காய்ஞ்சிருந்தது, உள்ளுக்குள்ள ஈரம். கழட்டி அரை மணித்தியாலத்தில எல்லாம் சுருங்கி மேல போட்டுது. ரெண்டாம் தரம் நனைக்காமல், பார்மசியில வாங்கின வெல்க்ரோ ரோலரைச் சுத்தினன். அது முடியைக் கவ்விப் பிடிச்சுக்கொண்டு வர மாட்டன் எண்டுட்டுது. மூண்டு இடத்தில கத்தரிக்கோல் வைக்க வேண்டி வந்தது. பிள்ளை அழுது முடிச்சுப்போட்டு "அம்மா, எனக்கு உங்கட முடி வேணும்" எண்டாள். அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை இல்லை.

இன்னும் மூண்டு கிழமையில மச்சாளின்ர கலியாணம். இவள்தான் பூக்கூடை கொண்டு போறவள். நனைக்காமல் சுத்தினால் உண்மையாவே நிக்குமா? நான் எங்க பிழை விட்டனான்?

கோண்டாவில்_மாமி

தேங்காயெண்ணெய் நல்லா வைச்சு ஊறவிட்டு, பிறகு சுத்திப் பாருங்கோ பிள்ளை. என்ர பேத்திக்கும் சுருட்டைதான், எண்ணெய் வைச்சால் அமந்து போகும்.

எக்ளிங்டன்_அக்கா

தங்கச்சி, நான் ரொறன்ரோவில எக்ளிங்டன் வெஸ்ற்றில, லிற்றில் ஜமேக்கா எண்டு சொல்லுற பக்கம், ஒரு சலூனில 14 வருசம் வேலை செய்தனான். முதல் ரெண்டு வருசம் தலை கழுவுறதும் ரோலர் கழுவுறதும்தான். பிறகு முதலாளியம்மா பக்கத்தில நிப்பாட்டிப் பழக்கினா. அதால இதை விபரமா எழுதுறன்.

ஓம், நிக்கும். ஆனால் நீங்கள் பாத்தது அப்பம்மா செய்த வேலையில பாதி. சனிக்கிழமை நனைக்கேல்லை, சரி. வெள்ளிக்கிழமை என்ன நடந்தது? மகளைக் கேளுங்கோ. எனக்குத் தெரிஞ்ச எந்த ஜமேக்கா அம்மாவும் கழுவாத, சிக்கெடுக்காத முடியில ரோலர் வைக்க மாட்டா. தண்ணி வேலையை முதல் நாளே முடிச்சு, முடியை நீட்டி வைச்சிருப்பா.

ஏன் எண்டு சொல்லுறன். முடியெண்டது கெரட்டின் எண்ட புரதம். அதுக்குள்ள ஹைட்ரஜன் பிணைப்பு எண்டு மெல்லிய பிடிகள் இருக்கு. தண்ணி பட்டால் அதுகள் விடும், காயேக்க திரும்பப் பிடிக்கும். காயேக்க எந்த வடிவில இருந்துதோ அதே வடிவில பிடிக்கும். ஈரத்தில சுத்துற சுருள் கனநாள் நிக்கிறதுக்குக் காரணம் இதுதான். ஆனால் முழுசாக் காய வேணும். உங்கட முதல் முயற்சியில உள்ளுக்குள்ள பிடிகள் இன்னும் விட்டபடி இருந்திருக்கு. ரோலரைக் கழட்டினதும் முடி தனக்குத் தெரிஞ்ச வடிவுக்குப் போட்டுது.

உங்கட மகளின்ர மாதிரி முடிக்கு இன்னொண்டும் இருக்கு. தண்ணி பட்டவுடன பாதிக்கும் கீழ சுருங்கும். சுருங்கினதை இழுத்து ரோலரில ஏத்தி, ஹூட் ட்ரையருக்குக் (தலைக்கு மேல கவிழ்க்கிற ட்ரையர்) கீழ ஒண்டு ஒண்டரை மணித்தியாலம் இருத்தினால்தான் வழுவழுப்பா வரும். 9 வயசுப் பிள்ளை அவ்வளவு நேரம் இருக்குமே? அதாலதான் காய்ஞ்ச முடியில சுத்துறது. பிடி கொஞ்சம் குறைவு, நாள் குறைய நிக்கும். ஆனால் நீளம் கிடைக்கும், பிள்ளைக்கும் நோகாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளையை முழுக வாத்து விடுங்கோ. கண்டிஷனரைத் தாராளமாப் போட்டு, அது தலையில இருக்கேக்கயே அகலப் பல்லுச் சீப்பால நுனியில இருந்து மேல மேல சிக்கெடுங்கோ. இந்த முடியைக் காய்ஞ்சபடி சீப்புப் போட்டு இழுத்தால் முறியும், எங்கட நேர் முடி மாதிரி நினைக்கக் கூடாது. பிறகு எட்டுப் பங்காப் பிரிச்சு, லீவ்-இன் (கழுவாமல் விடுற கண்டிஷனர்) கொஞ்சமாப் பூசி, தடிச்ச பின்னலாப் பின்னி விடுங்கோ. சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும் அப்பிடியே காயட்டும். அவிழ்க்கேக்க முடி நீண்டு, மெல்லிய அலையோட இருக்கும். இந்த நிலைமை வந்தால் முக்கால்வாசி வேலை முடிஞ்சுது.

இப்ப ரோலர். பங்கு ரோலரின்ர நீளத்தை விட அகலமா இருக்கக் கூடாது. மாமி, குறை நினையாதேங்கோ, இங்க எண்ணெய் வேண்டாம். எண்ணெய் பிடிச்ச முடியில ஃபோம் (சுருளைப் பிடிச்சு வைக்கிற நுரை) ஒட்டாது, சுருள் வழுக்கி அவிழும். செற்றிங் ஃபோம் எண்டு கேட்டு வாங்குங்கோ. ஒரு பங்குக்கு நெல்லிக்காய் அளவு. அதை உள்ளங்கையில தேய்ச்சு, நடுவில இருந்து நுனிக்குத் தடவுங்கோ, அடியில வேண்டாம். ஃபோமிலயும் தண்ணி இருக்கு, அடியில பட்டால் அடி சுருங்கும். எண்டபடியால் "தண்ணியே இல்லை" எண்டது முழு உண்மை இல்லை, இந்தச் சொட்டு ஈரம்தான் பிடியைக் குடுக்குது.

நுனியைக் கவனமாப் பாருங்கோ, பழகாத கை அங்கதான் பிழை விடும். நுனிக் கடதாசியை (ரோலர் சுத்தேக்க முடி நுனியில வைக்கிற மெல்லிய கடதாசி) ரெண்டா மடிச்சு, முடியின்ர கடைசி ஒரு அங்குலத்தை அதுக்குள்ள விரிச்சு வைச்சு, கடதாசி முடியைத் தாண்டி நிக்கிற மாதிரி பிடிச்சுக்கொண்டு சுத்தத் தொடங்குங்கோ. கடதாசி இல்லாட்டி நுனி மடங்கி, விடிய மீன் தூண்டில் மாதிரி நிக்கும். சுத்தேக்க இழுவை ஒரே சீரா இருக்க வேணும், ஆனால் பிள்ளையின்ர புருவம் மேல எழும்பினால் கூடிப்போச்சு எண்டு அர்த்தம். நெற்றி ஓர முடியை இறுக்கவே வேண்டாம், அது கொட்டினால் திரும்ப வரக் கனகாலம் எடுக்கும்.

வெல்க்ரோவை எறியுங்கோ. ஸ்பொஞ்ச் எண்டால் சாட்டின் துணி போட்டது பாருங்கோ, வெறும் ஸ்பொஞ்ச் முடியின்ர ஈரப்பசையை உறிஞ்சும். ஃபிளெக்ஸி ரொட் (வளைக்கக்கூடிய ரோலர் குச்சி) இன்னும் நல்லம், ஆனால் படுக்கேக்க சில பிள்ளையளுக்குக் குத்தும். மேல சாட்டின் பொனற் (தலையை மூடுற தொப்பி) போட்டுப் படுக்க விடுங்கோ.

விடிய, பின்பக்கம் ஒண்டை மட்டும் கழட்டிப் பாருங்கோ. கன்னத்தில வைச்சால் சில்லெண்டு இருந்தால் இன்னும் ஈரம். ட்ரையரைக் குறைஞ்ச சூட்டில பிடிச்சு, முழுக்க ஆறவிட்டுப் பிறகுதான் கழட்ட வேணும். சூடா இருக்கேக்க கழட்டினால் தொங்கிப் போகும். சுத்தின திசையிலயே உருட்டிக் கழட்டுங்கோ, கீழ இழுக்காதேங்கோ. பிறகு விரல் நுனியில பட்டாணி அளவு ஷியா பட்டர், அவ்வளவுதான். சீப்பு வேண்டாம்.

கலியாணம் ஓகஸ்ட் எண்டால் புழுக்கத்தில பின்னேரத்துக்கு முடி மேல எழும்பும். அதைப் பழுதாப் போச்சு எண்டு பிள்ளைக்கு முன்னால சொல்லாதேங்கோ. காத்தில இருக்கிற ஈரத்தைக் குடிச்சு முடி தன்ர வடிவுக்குத் திரும்புது. ரெண்டு கிளிப் கொண்டு போய், பக்கத்தில ஏத்திக் குத்தி விடுங்கோ, அதுவும் வடிவு.

"உங்கட முடி வேணும்" எண்டதுக்கு ஒண்டு சொல்லலாமே? சலூனில கதிரையில இருந்த சின்னப் பிள்ளையள் எல்லாம், தங்கட தலைக்கு மேல பெரியாக்கள் விடுற பெருமூச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்ததுகள். சிக்கெடுக்கேக்க கை நோகும், எனக்குத் தெரியும். எண்டாலும் அலுப்பைக் காட்டாதேங்கோ. கதை சொல்லிக்கொண்டு செய்யுங்கோ.

லாச்சப்பல்_அன்ரி

பரிசில இருந்து எழுதுறன். எங்கட கடையள் இருக்கிற லாச்சப்பலில இருந்து நடந்து போற தூரத்தில ஷத்தோ-தோ மெற்றோ, அந்தத் தெரு முழுக்க ஆபிரிக்கத் தலை செய்யிற கடையள். என்ர மருமகள் ஐவரி கோஸ்ற்றில அபிஜானைச் சேர்ந்தவ. பேத்தியின்ர முடியைச் சூடு காட்டாமல் நீட்டுறதுக்கு நூல் சுத்துவா. ஒவ்வொரு பங்கையும் அடியில இருந்து நுனி வரைக்கும் கறுப்பு நூலால கிட்டக் கிட்டச் சுத்தி ஒரு இரவு விடுறது. நைஜீரியாவில யொரூபா ஆக்கள் இதை இருன் கிகோ எண்டு சொல்லுவினம். பின்னலை விட நேரா வரும், அடுத்த நாள் ரோலர் சுத்தச் சுகம். அடியில இறுக்காமல் விட வேணும். நான் முதல் தரம் இறுக்கிப்போட்டன், பேத்தி ரெண்டு நாள் தலை நோகுது எண்டவள்.

கோண்டாவில்_மாமி

எக்ளிங்டன் பிள்ளை, குறை ஒண்டும் இல்லை. எங்கட முடிக்கு ஏத்தது வேற எண்டு இப்பத்தான் விளங்குது.

ஸ்காபரோ_அம்மா

அக்கா, மகளைக் கேட்டனான். "வெள்ளிக்கிழமை அப்பம்மா முழுக வாத்து, பெரிய பெரிய பின்னல் பின்னுவா. நீங்கள் வேலைக்குப் போயிடுவீங்கள்" எண்டாள். எனக்கு வெள்ளி இரவு ஷிஃப்ற். சனி மத்தியானம் நான் எழும்பேக்க பின்னல் எப்பவும் இருக்கும். அது சும்மா வீட்டுக்குப் பின்னினது எண்டு நினைச்சிருக்கிறன்.

இந்த வெள்ளி லீவு எடுத்தன். சிக்கெடுக்க ஒண்டேகால் மணித்தியாலம். சனி இரவு 16 ரோலர். முதல் நாலும் கோணல், கழட்டித் திரும்பச் சுத்தினன். கடதாசியைப் பிடிக்கப் பழகினாப் பிறகு கை ஓடிச்சுது. விடிய ஒண்டைக் கன்னத்தில வைச்சுப் பாத்தன், சில்லெண்டு இல்லை. கழட்டினால் கீழ விழுந்து, ஒருக்கா ஆடி, நிண்டுது. பிள்ளை கண்ணாடிக்கு முன்னால தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கொண்டே நிண்டாள். இடது காதுக்குப் பின்னால மட்டும் ரெண்டு சுருள் அவிழ்ந்துபோச்சு, அங்க ஃபோம் போட மறந்திட்டன்.

அப்பம்மாவுக்கு வீடியோவில காட்டினம். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு பிள்ளையைத் திரும்பச் சொல்லி, பின்பக்கம் பாத்தா.

ஒரு கேள்வி மிச்சம். கலியாணம் சனிக்கிழமை, ஞாயிறு திரும்பவும் விருந்து. சனி இரவு என்ன செய்ய வேணும்?

எக்ளிங்டன்_அக்கா

பெரிய ரோலர் ஆறு போதும். சுருள் எந்தத் திசையில விழுதோ அந்தத் திசையிலயே தளர்வாச் சுத்தி, பொனற். ஃபோம் திரும்பப் போட வேண்டாம், படிஞ்சு வெள்ளையா உதிரும். காதுக்குப் பின்னால முதல் சுத்துங்கோ, கடைசிக்கு விட்டால் பிள்ளை நித்திரையாப் போயிடும்.