அழுத்திய சீனத் தேயிலையோடு உங்களுக்கு நேர்ந்தது என்ன?

குன்மிங்கில் ஆறு வருடம்

பூஏர் என்பது யுன்னான் மாகாணத்துத் தேயிலை, வட்டாக அழுத்தி வருடக்கணக்கில் முதிரவிடுவது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2011-இல் குன்மிங்கில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். வசந்த விழாவுக்கு வீட்டுக்கார அம்மா ஒரு வட்டு கொடுத்தார். 357 கிராம், மெல்லிய சுற்றுத்தாள், அதில் 2003 என்று முத்திரை. என் கண்ணுக்கு அது வரட்டி. அன்று மாலையே சுத்தியலால் உடைத்து, பாலில் கொதிக்கவிட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, அவருக்கே ஒரு தம்ளர் கொண்டுபோனேன். முழுவதையும் குடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தம்ளரைத் திருப்பித் தர என் அறைக்கு வந்தவர், தரையில் கிழிந்து கிடந்த சுற்றுத்தாளை எடுத்து, உள்ளங்கையால் நீவி நீவிச் சுருக்கம் போக்கி, நான்காக மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எட்டு வருடம் அவர் அலமாரியில் இருந்த ஷெங், தானாக முதிரவிடும் பூஏர் வகை அது என்று பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அந்த மடிப்பை இன்னும் மறக்க முடியவில்லை.

கௌலூன்வாசி

ஹாங்காங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அலுவலகத்தார் திம்சம் சாப்பிட அழைத்துப்போனார்கள். இவர்கள் ஊரில் பூஏருக்குப் பெயர் போலே. முதல் ஊற்றலைக் கோப்பைகள்மேலும் குச்சிகள்மேலும் ஊற்றி ஒரு பெரிய கிண்ணத்தில் சேர்த்தார்கள். ரசம் போல முதலில் அதுதான் வரும் என்று நினைத்து இரண்டு மடக்கு குடித்துவிட்டேன். மேசையில் ஒன்பது பேர், ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

சுவை? மழையில் நனைந்த கோணிச் சாக்கு. புளிக்கவைத்து, பூசணம் பிடிக்கவிட்டு, அதற்கு ஒரு பெருமை வேறு.

பித்தளைக் கெண்டி

குன்மிங்காரரே, பால் ஊற்றியதற்கு இவ்வளவு வருந்த வேண்டாம். திபெத்தில் இதே இனத்துச் செங்கல் தேயிலையை வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்து குடிக்கிறார்கள். கோவேறு கழுதை முதுகில் மாதக்கணக்கில் போகத்தானே அதை அழுத்தினார்கள்? 1391-இல் மிங் பேரரசர் ஹொங்வு, அரண்மனைக்கு அழுத்திய தேயிலை வேண்டாம், உதிரி இலையே போதும் என்று ஆணையிட்டார். எல்லைப்புறத்தில் வழக்கம் நிற்கவில்லை.

என் கதை சிறியது: ஊசியால் வட்டைப் பெயர்க்கும்போது இடக்கையில் குத்திக்கொண்டேன், மூன்று தையல். ஆகவே சொல்கிறேன். வட்டை மடியில் வைக்காதீர்கள், தட்டில் வையுங்கள். ஊசியை விளிம்பில் கிடையாகச் செலுத்தி, மெதுவாக நெம்பி, அடுக்கடுக்காகப் பிரியுங்கள். முனை ஒருபோதும் பிடித்திருக்கும் கையைப் பார்க்கக் கூடாது. சுத்தியல் இலையைத் தூளாக்கும், தூள் கசக்கும். ஏழு கிராம் போதும். நன்கு கொதித்த நீரை ஊற்றி உடனே கொட்டிவிடுங்கள். அடுத்த ஊற்றலிலிருந்து குடியுங்கள். சாம்பார்ப் பொடி, கற்பூரம், ஊதுபத்தி இருக்கும் அலமாரியில் வைத்தால் எல்லா வாசனையையும் இழுத்துக்கொள்ளும். குளிர்பதனப் பெட்டியில் வைப்பவர்களைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

மெங்ஹாய் போய்வந்தவள்

கௌலூன்காரர் இரண்டு வெவ்வேறு விஷயங்களைக் குழப்புகிறார். சாக்கு வாடை பெரும்பாலும் ஈரக் கிடங்கில் வைத்ததால் வருவது. குவித்துப் பதப்படுத்துவது வேறு. அது 1973-இல் குன்மிங் ஆலையில் உருவான முறை, 'சமைத்த' பூஏரான ஷோ வகைக்கு மட்டும். பச்சையான ஷெங் பல வருடம் எடுத்துக்கொள்ளும் மாற்றத்தை இது ஒன்றரை, இரண்டு மாதத்தில் கொண்டுவரும்.

மெங்ஹாயில் அப்படிக் குவிக்கும் ஒரு கொட்டகைக்குள் நான் நின்றிருக்கிறேன். இடுப்புயரக் குவியல், மேலே நனைந்த துணி. ஓர் ஆள் மண்வெட்டியால் புரட்டியதும் உள்ளிருந்து ஆவி எழுந்து என் கண்ணாடியை மூடியது. கையை நுழைத்துப் பார் என்றார். நுழைத்து, சுட்டு, இழுத்துக்கொண்டேன். பக்கத்துக் கூடத்தில் ஒரு பெண், ஆவியில் இளகிய இலையைத் துணிப்பைக்குள் முறுக்கி, கல்லுக்கடியில் வைத்து, கல்லின்மேல் ஏறி இடமும் வலமும் அசைந்துகொண்டிருந்தார். எங்கள் பாட்டி ஆட்டுக்கல்லில் ஆடியதுபோல. நானும் ஏறினேன். என் வட்டு ஒருபக்கம் சாய்ந்து வந்தது. அதை அவர் விற்பனை அடுக்கில் சேர்க்கவில்லை, எனக்கே கொடுத்துவிட்டார். ஏழு வட்டுகளை மூங்கில் பாளையில் கட்டினால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ; என் கட்டில் ஆறுதான் நேராக நின்றன.

ஈப்போ

மலேசியாவில் எங்கள் ஊரில் ஈயச் சுரங்கத் தொழிலாளர் குடித்தது பூஏர் அல்ல, சீனாவின் குவாங்சியிலிருந்து வரும் லியூபாவ் தேயிலை. அதோடு நின்றிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். ஒரு கடையில் 1990-களின் வட்டு என்று விற்றார்கள். பழுப்பேறிய தாள், பூச்சி அரித்த ஓட்டைகூட இருந்தது. ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. வீட்டில் சீன நண்பர் தாளைத் திருப்பிப் படித்தார்: 'பூஏர் மாநகரம்'. அதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது. அந்த நகரம் ஸிமாவ் என்ற பெயரை விட்டது 2007-இல்தான்.

நண்பர் என் முகத்தைப் பார்க்காமல், "தண்ணீர் கொதித்துவிட்டது" என்றார்.

குன்மிங்கில் ஆறு வருடம்

பித்தளைக் கெண்டி ஐயா, திபெத்தியர்கள் நான்கு ஸ்பூன் சர்க்கரை போடுவதில்லை. நான் போட்டேன்.