மீட்டியார் 350: 25,000 ரூபாய்க்குள் எதை முதலில் மாட்டுவது?

உறையூர்க்காரன்:
2022 மாடல் ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 பைக், ஃபயர்பால் வேரியன்ட், செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் ஸ்டாக்காகவே, கம்பெனி கொடுத்தபடியே ஓட்ட மனசு வரவில்லை. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. சத்தத்துக்கு ஒரு ஷார்ட் பாட்டில் சைலன்சர், உயரமான ஹேண்டில்பார், ஃபாக் லைட் இரண்டு, மிச்சம் இருந்தால் பின்பக்கம் இரண்டு ஓரமும் தொங்கும் சேடில் பேக், இதுதான் லிஸ்ட். பொங்கல் லீவில் மனைவியோடு கொல்லிமலை போகிறேன். பின்னால் உட்கார்ந்தால் அரை மணி நேரத்திலேயே முதுகு வலிக்கிறது என்கிறார், போகப் போகப் பழகிவிடும். பார்ட்ஸ் வாங்கச் சென்னைக்கு வர வேண்டுமா, திருச்சியிலேயே முடித்துவிடலாமா? போலீஸ் தொல்லை எப்படி?

ஸ்பேனர் சித்தப்பா:
தம்பி, லிஸ்ட்டைத் தலைகீழாகத் திருப்புங்கள். "பழகிவிடும்" என்று சொல்லித் தாண்டிப் போனீர்களே, அதுதான் முதல் செலவு. அதிலும் முதல் வேலைக்குக் காசே வேண்டாம். பின்னால் இருக்கிற இரண்டு ஷாக் அப்சார்பரிலும் ஆறு நிலை ப்ரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கிற வசதி, இருக்கிறது. முன்பு ஓட்டியவர் தனியாள் என்றால் ஆகக் குறைந்த நிலையிலேயே விட்டிருப்பார். சி ஸ்பேனர் போட்டு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இரண்டு மூன்று நிலை ஏற்றுங்கள். ஆள் ஏறினதும் வண்டி பின்னால் உட்கார்ந்துபோவது நிற்கும், பள்ளத்தில் 'டங்'கென்று அடிப்பதும் குறையும்.

மீட்டியார் மாதிரி க்ரூஸரில் கால் முன்னால் நீட்டியிருக்கும், அதனால் உடம்பு பாரம் மொத்தமும் பிட்டத்திலும் முதுகுத்தண்டின் அடியிலும்தான் இறங்கும். மற்ற வண்டிகளில் மேடு பள்ளம் வந்தால் ஃபுட்ரெஸ்ட்டில் லேசாக எழுந்து சமாளிப்போம், இதில் அது நடக்காது. ஆகவே சீட்தான் இந்த வண்டிக்குப் பாதி சஸ்பென்ஷன். ஊரிலேயே நல்ல குஷன் கடையில் ஃபோமை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கடையில் கையால் அமுக்கிப் பார்த்து "மெத்து மெத்தென்று இருக்கே" என்று மயங்காதீர்கள். ரொம்ப மெத்தென்ற ஃபோம் ஒரு மணி நேரத்தில் நசுங்கிவிடும், அப்புறம் நீங்கள் உட்கார்ந்திருப்பது அடியில் இருக்கிற தகட்டில்தான். கொஞ்சம் கெட்டியானதைக் கேளுங்கள், அகலத்தையும் கூட்டச் சொல்லுங்கள். உயரத்தை மட்டும் ஏற்ற வேண்டாம், 191 கிலோ வண்டி, சிக்னலில் கால் முழுசாக ஊன்ற வேண்டும்.

அடுத்தது பேக்ரெஸ்ட். ஃபயர்பாலில் கிடையாது, அதே வண்டியின் சூப்பர்நோவா வேரியன்ட்டில் விண்ட்ஸ்கிரீனும் பேக்ரெஸ்ட்டும் கம்பெனியே கொடுத்தது. இரண்டையும் ஷோரூமில் தனியாக வாங்கலாம், வெட்டு ஒட்டு எதுவும் தேவையில்லை. இதற்காகச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டாம். பத்து பிராண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை என்றால் மட்டும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஒரு நடை வாருங்கள்.

உயர ஹேண்டில்பார் எனக்குப் பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. கை தோளுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தால் மெதுவாகத் திருப்பும்போது பிடிமானமே இருக்காது. கை எட்டவில்லை என்றால் ஹேண்டிலுக்கு அடியில் வைத்துத் தூக்கிக் கொடுக்கிற சின்ன ரைசர் போதும். மாட்டினதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடுகிறதா பாருங்கள். இன்ஜினை ஐடிலில் விட்டும் திருப்பிப் பாருங்கள். ஆர்பிஎம் தானாக ஏறினால் த்ராட்டில் கேபிள் நீளம் பற்றவில்லை, அப்படியே ரோட்டில் இறக்காதீர்கள்.

நெடுஞ்சாலை நாகா:
சித்தப்பா சொன்னதில் சைலன்சர் மட்டும் விட்டுப்போயிற்று, அவருக்கு அந்தப் பேச்சே ஆகாது :) எனக்குச் சத்தம் பிடிக்கும். ஆனால் மீட்டியார் இன்ஜின் 20.2 குதிரைத்திறன், சைலன்சரை மாற்றினால் அது பறக்கப்போவதில்லை, வாங்குவது வெறும் சத்தத்தைத்தான் என்று தெரிந்தே வாங்குங்கள். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டி வேறு. எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது, காற்று எரிபொருள் கணக்கை இசியு, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், அதை வைத்துத்தான் பார்க்கிறது. திறந்த குழாயை மாட்டினால் த்ராட்டிலை விடும்போதெல்லாம் பட்டாசு வெடிக்கும். சிலருக்கு அதுவே பெருமை, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைக் கேட்டால் தெரியும்.

போலீஸ் விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்சி புத்தகத்தில் இருக்கிற விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூடச் சேர்ந்து வரலாம். சத்தத்துக்கு 190(2) தனி, 10,000 வரை போகும், மூன்று மாதம் லைசென்ஸும் போகலாம். சீட், பேக்ரெஸ்ட், விண்ட்ஸ்கிரீனுக்கு யாரும் வண்டியை ஓரம்கட்டி நான் பார்த்ததில்லை. சைலன்சருக்குத்தான் தூரத்திலேயே கை நீட்டுவார்கள், காதாலேயே கண்டுபிடிக்கலாமே.

ரிலே ராஜா:
ஃபாக் லைட்டை லிஸ்ட்டிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் மாடலில் ஹாலஜன் ஹெட்லைட், மலையில் பனி இறங்கினால் அது மட்டும் போதாது. ஆனால் வயரிங்கை ஒழுங்காகச் செய்யுங்கள். 40 வாட் லைட் இரண்டு என்றால் 12 வோல்ட்டில் ஏழு ஆம்பியர் பக்கம் இழுக்கும், அதை ஹெட்லைட் வயரில் கொக்கி போட்டு எடுத்தால் வயர் சூடாகி உருகும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து லைட். ரிலே என்பது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடுகிற சுவிட்ச், பார்க்கிங் லைட் வயர் அதைத் தட்டிவிட மட்டும். சாவியை அணைத்தால் லைட்டும் அணையும், பேட்டரி இறங்காது. கம்பெனி கொடுத்த வயர் தொகுப்பை (ஹார்னெஸ்) வெட்டி ஒட்டுகிற கடை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வாரண்டி மிச்சம் இருந்தால் அதுவும் அங்கேயே போகும். மஞ்சள் நிறம் வாங்குங்கள், வெளிச்சம் ரோட்டில் விழுகிற மாதிரி கீழே சாய்த்து வையுங்கள்.

உறையூர்க்காரன்:
மூவருக்கும் நன்றி. இன்று காலையில் ப்ரீலோடை ஏற்றினேன், உண்மையிலேயே ஆகக் குறைந்த நிலையில்தான் இருந்தது. மனைவியை முக்கொம்பு வரை கூட்டிக்கொண்டு போய் வந்தேன், "இதை முதலிலேயே செய்திருக்கலாமே" என்று திட்டு விழுந்தது. சைலன்சர் இப்போதைக்கு இல்லை. சித்தப்பா, சேடில் பேக்குக்குக் கம்பி அவசியமா? கடைக்காரர் பெல்ட்டே போதும் என்கிறார்.

ஸ்பேனர் சித்தப்பா:
அவசியம். சேடில் ஸ்டே என்கிற அந்தக் கம்பி இல்லாவிட்டால் பை ஆடிக்கொண்டே போய் ஒரு பக்கம் சக்கரத்தில் உரசும், வலது பக்கம் சைலன்சரில் பட்டு உருகும். மாட்டின பிறகு பின்னால் நின்று பாருங்கள், இண்டிகேட்டர் இரண்டும் தெரிய வேண்டும். கனமான சாமானை அடியில், சீட்டை ஒட்டி வையுங்கள். அப்புறம், விண்ட்ஸ்கிரீன் வாங்கினால் மேல் விளிம்பு உங்கள் கண்ணுக்குக் கீழே இருக்கட்டும். காற்று நேராக ஹெல்மெட்டில் வந்து மோதித் தலையை ஆட்டினால் கோணத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள், உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.