பொலிவியாவின் பெரிய நகரம் எது: எல் ஆல்டோவைச் சேர்ப்பது நியாயமா?

குன்றன்: “பொலிவியாவின் மிகப் பெரிய நகரம் சாண்டா குரூஸ், இதில் வாதத்துக்கே இடமில்லை” என்று நேற்று சமவெளியான் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். 2024 கணக்கெடுப்பின்படி லா பாஸில் ஏறத்தாழ 7.5 இலட்சம் பேரும், அதன் விளிம்பிலேயே தொடங்கும் எல் ஆல்டோவில் 8.8 இலட்சம் பேரும் வசிக்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் சாண்டா குரூஸின் 16 இலட்சத்தைச் சற்றே தாண்டிவிடுகிறது.

சமவெளியான்: குன்றனின் வித்தை முழுவதும் “கூட்டினால்” என்ற சொல்லில் இருக்கிறது. எல் ஆல்டோ 1985இல் தனி நகராட்சியாகப் பிரிந்துவிட்டது. அதற்குத் தனி மேயரும் தனி நிதியும் உண்டு. பாகம் பிரித்துக்கொண்டு போன தம்பியின் நிலத்தை அண்ணன் தன் பட்டாவில் காட்ட முடியாது.

குன்றன்: பட்டாவை எடுத்து வைத்துவிட்டு இதற்குப் பதில் சொல்லுங்கள்: லா பாஸின் விமான நிலையம் எங்கே இருக்கிறது? எல் ஆல்டோவில்தானே? அங்கே ரோப் காரில் ஏறும் தொழிலாளி பத்து நிமிடத்தில் லா பாஸ் பள்ளத்தில் இறங்கி வேலைக்குப் போய்விடுகிறார். மேயர் இருவர் என்பதால் ஊர் இரண்டாகிவிடுமா?

சமவெளியான்: அப்படியானால் நாங்களும் சாண்டா குரூஸை ஒட்டிய வார்னெஸ், கொட்டோக்கா, லா குவார்டியா ஆகிய ஊர்களைச் சேர்த்துக்கொள்கிறோம். உங்கள் முன்னிலை அந்த நொடியே காணாமல் போகும்.

குன்றன்: விமான நிலையம் எங்கே என்று கேட்டேன், பதில் வரவில்லை. 2013இலும் இதே அவசரம்தான். 2012 கணக்கெடுப்பின் முதற்கட்ட எண்கள் அந்த ஜனவரியில் வந்தபோது, உங்கள் நகரம் அடங்கிய சாண்டா குரூஸ் மாகாணம் முதலிடம் என்று துள்ளினீர்கள். சில மாதங்களில் வந்த இறுதி எண்ணிக்கையில் லா பாஸ் மாகாணமே முன்னால் நின்றது.

சமவெளியான்: இலட்சக்கணக்கான பேரைக் குறைத்து வெளியிட்ட அந்த இறுதி எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்ல உங்களால் மட்டுமே முடியும். அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 2022இல் கணக்கெடுப்பை விரைவில் நடத்தக் கோரி சாண்டா குரூஸ் 36 நாள் வேலைநிறுத்தம் செய்தது. 2024 மார்ச் 23 அன்று எண்ணியபோது அந்த மாகாணம் 31 இலட்சத்துடன் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

அயலான்: இருவரும் தலைகளை எண்ணுகிறீர்களே ஒழிய, அந்தத் தலைகள் யாருடையவை என்று கேட்கவில்லை. தம்மைப் பழங்குடியினர் என்று சொல்லிக்கொண்டோர் 2001இல் 62 விழுக்காடு, 2012இல் ஏறத்தாழ 41 விழுக்காடு. இது உங்களுக்கு விந்தையாகத் தோன்றவில்லையா?

குன்றன்: அயலான் எந்த விவாதத் திரியிலும் இப்படித்தான் பாதியில் புகுந்து தனிக்கடை விரிப்பார், பராகுவே விவாதத்தையும் இவரே குலைத்தார். இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாண்டா குரூஸின் ‘பிளான் 3000’ குடியிருப்பு, 1983 பிராய் ஆற்று வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காக எழுந்தது. பின்னர் அதை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் மலைநாட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள். சமவெளியான் மார்தட்டும் 16 இலட்சத்தில் ஆண்டீஸ் மலையின் பங்கு எவ்வளவு என்று அவரே கணக்கிடட்டும்.

சமவெளியான்: வந்து குடியேறியவர் வசிக்கும் ஊரில்தான் எண்ணப்படுவார். பிறந்த ஊர்க் கணக்கில் எழுத வேண்டும் என்றால் எல் ஆல்டோவில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? அதுவும் குடியேறிகளின் நகரம்தானே!

அயலான்: பராகுவே விவாதத்தை நான் குலைக்கவில்லை, அதன் தலைநகர் அசுன்சியோனோடு சுற்றுப்புற நகரங்களைச் சேர்க்கவே கூடாது என்று அங்கே பிடிவாதம் பிடித்தவர் குன்றன். இங்கே மட்டும் சேர்க்கலாமாம்.

குன்றன்: அசுன்சியோன் வேறு, இது வேறு. விமான நிலையம் எங்கே இருக்கிறது என்பதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.