டிராவிட் எடுத்த அந்த இரண்டு ரன்களை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ராயக்கோட்டையான்:

நம் கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் நிறையப் பேர் இங்கே வருவதால் கேட்கிறேன். 2008 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை, பெங்களூரு சின்னசாமி மைதானம். ஐபிஎல் என்ற ஒன்று பிறந்த இரவு. அன்று கடைசிவரை மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது உண்டா? எனக்கு அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதி வேண்டும். ஸ்கோர் பட்டியல் வேண்டாம், அது மனப்பாடம். பார்த்தவர் வாயால் கேட்க வேண்டும்.

அப்போது நான் ராயக்கோட்டையில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பெங்களூரு கலாசிபாளையம் சந்தையில் ஒரு வியாபாரி எங்களுக்குப் பாக்கி வைத்திருந்தார். எப்போது வசூலுக்குப் போனாலும் “நாளைக்கு” என்பார். அந்த வாரம் பணத்துக்குப் பதிலாக இரண்டு டிக்கெட்டுகளை என் சட்டைப் பையில் செருகித் தோளில் தட்டி அனுப்பினார். எனக்கு வயது இருபத்து நான்கு. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பேரேட்டில் இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரவுப் பக்கத்தில் ‘கிரிக்கெட் – 2’ என்று எழுதி வைத்தேன். முதலாளி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அந்த வரியை மூன்று முறை படித்தார். “இது எத்தனை பெட்டி?” என்று கேட்டார். மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

இன்னொரு டிக்கெட்டுக்கு எங்கள் வண்டி ஓட்டுநரையே அழைத்துப் போனேன். தக்காளியை இறக்கிவிட்டு வெறும் வண்டியைச் சந்தை ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்தே போனோம். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: “பாதி ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும், தம்பி.” அவர் பயம் நியாயமானது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டச் சண்டையில் எல்லை தாண்டும் பஸ்கள் நின்று போயிருந்தன. கர்நாடகத் தேர்தல் முடியும்வரை பொறுத்திருப்போம் என்று முதல்வர் கருணாநிதி ஏப்ரல் 5 அன்று அறிவித்த பிறகுதான் சூடு தணிந்தது. தமிழ்நாட்டு எண் பலகையோடு நள்ளிரவில் எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை.

நான் பெங்களூரு அணிக்காரனாக இருந்ததற்கு அரசியல் எதுவும் கிடையாது. எங்கள் தக்காளிக்கு விலை சொன்னது பெங்களூரு. சென்னையை அதுவரை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, ராகுல் டிராவிட். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து அவர் ஆடினால் நான் எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கப் போக மாட்டேன்.

எங்கள் அணித் தலைவர் டிராவிட் டாஸில் வென்று பந்துவீச முடிவு செய்தார். முதல் ஓவரில் எதிரணியான கொல்கத்தாவின் மெக்கல்லம் பேட்டில் பந்தே சரியாகப் படவில்லை. “இந்த ஆளா?” என்றார் ஓட்டுநர். அடுத்து ஜாகீர் கான் ஓவரில் ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. காலிஸ், கும்ளே, எல்லோருடைய பந்தும் கூட்டத்துக்குள் வந்து விழுந்தது. 73 பந்துகளில் 158, அதில் 13 சிக்சர். கொல்கத்தா 222. அந்த இருபது ஓவரும் டிராவிட் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பந்து போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓட்டுநர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். சொன்ன சொல் தவறக் கூடாது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஓசூர் வந்து ஒரு டீக்கடையில் நிறுத்தி ஸ்கோர் கேட்டேன். “82” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். “எத்தனை விக்கெட்டுக்கு?” என்றேன். “எல்லா விக்கெட்டுக்கும்தான்” என்று டம்ளரை நீட்டினார்.

போன வாரம் இந்தக் கதையை வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மகன் குறுக்கிட்டான். “அப்படியானால் டிராவிட் பேட் செய்து நீங்கள் நேரில் பார்த்ததே இல்லையா, அப்பா?” பதினேழு ஆண்டுக்கும் மேலாக இந்தக் கதையைச் சொல்லிவருகிறேன், எனக்கு அது உறைக்கவே இல்லை. அவர் அன்று தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 2 ரன் எடுத்தார். அதையாவது பார்த்தவர் இருந்தால் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம் மாங்காய்:

அண்ணா, பாக்கியையும் விட்டு, பாதி ஆட்டத்தையும் விட்டு, சம்பளத்தையும் விட்டிருக்கிறீர்கள். இதற்குப் பெயர்தான் பெங்களூரு ரசிகர்.

விலை சொல்லும் ஊருக்குத்தான் விசுவாசம் என்ற உங்கள் கணக்கு எங்கள் பக்கம் செல்லாது. தோத்தாபுரி மாங்காய்க்கு எங்கள் ஊரில் பெயரே ‘பெங்களூரா’. அதைத்தான் தோப்பு தோப்பாக வைத்திருக்கிறோம், லாரி லாரியாகக் கூழ் ஆலைக்கு ஏற்றுகிறோம். ஆனால் முதல் நாளிலிருந்து நான் சென்னை.

நீங்கள் டீக்கடையில் ஏமாந்து நின்ற மறுநாளே மொகாலியில் என்ன நடந்தது என்பதையும் எழுதியிருக்கலாம். மைக்கேல் ஹஸ்ஸி 54 பந்துகளில் 116, சென்னை 240. நான் வீட்டில் மின்சாரம் போன பிறகு பக்கத்துத் தெருவில் பேட்டரி வைத்திருந்த ஒருவர் வீட்டுத் திண்ணையில் நின்று பார்த்தேன். ஜனவரி ஏலத்தில் உங்கள் அணி 11.16 கோடி டாலருக்குப் போனது, எங்கள் அணி 9.1 கோடிக்கு. விலை ஏறிய தக்காளி எல்லாம் நல்ல தக்காளி இல்லை என்று மண்டியில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? டெண்டுல்கர், கங்குலி, டிராவிட் என்று சில ஊர்களுக்கு ஆளுக்கொரு உள்ளூர் நட்சத்திரத்தை ஒதுக்கினார்கள். சென்னைக்கு அப்படி யாரும் இல்லை. அந்தக் குறையே லாபமாகி, பிப்ரவரி ஏலத்தில் 15 லட்சம் டாலர் கொட்டித் தோனியைத் தூக்க முடிந்தது.

2011 இறுதி ஆட்டத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. (சேப்பாக்கம். முரளி விஜய் 95. முதல் ஓவரிலேயே அஸ்வின் பந்தில் கெயில் பூஜ்யம். 58 ரன் வித்தியாசம்.)

பென்னாகரம் வாத்தியார்:

இரண்டு திருத்தங்கள்.

முதலாவது, ராயக்கோட்டை நண்பருக்கு. அன்று கும்ளே ஆடவே இல்லை. நீங்கள் பார்த்த சுழற்பந்து வீச்சாளர் சுனில் ஜோஷியாக இருக்க வேண்டும். அவர் இடது கை, கும்ளே வலது கை. டிராவிடையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை போலும். மன்னிக்கலாம்.

இரண்டாவது, காவேரிப்பட்டணம் தம்பிக்கு. கூழ் ஆலை வாடகைக் கணக்குப் போல உங்களுக்குச் சாதகமான வரிகளை மட்டும் படிக்கக் கூடாது. அதே 2008 மே மாதம் பெங்களூரு சேப்பாக்கத்துக்கு வந்து 126 ரன் மட்டும் எடுத்துவிட்டு, சென்னையை 112க்குள் அடக்கிப் போனது. கும்ளேவுக்கு 3 விக்கெட். அதற்குப் பிறகு சேப்பாக்கத்தில் அவர்கள் சென்னையை வெல்ல 2025 ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் நடுவர்.

நான் அப்போது ஒகேனக்கல் சாலையில் ஒரு கிராமத்துப் பள்ளியில் இருந்தேன். ஊரில் பாதிப் பேருக்குக் கிரிக்கெட் தெரியாது. அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வந்த பிறகுதான் பழகினார்கள். 2009இல் நாடாளுமன்றத் தேர்தல் காரணமாகப் போட்டியைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள் அல்லவா, அப்போது நாங்கள் தேர்தல் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்துகொண்டு ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தோம். உங்கள் கறுப்பு நாளுக்குச் சரியாக ஓராண்டு கழித்து, அதே ஏப்ரல் 18, கேப்டவுன். டிராவிட் 66. பெங்களூரு 133. பிறகு கும்ளே 3.1 ஓவரில் 5 ரன் கொடுத்து 5 விக்கெட். ராஜஸ்தான் 58. எதிரணி நடப்புச் சாம்பியன்! நான் அன்று கும்ளேவின் பந்துவீச்சை அந்தச் சின்னப் பெட்டியில் பார்த்தேன். முப்பத்து எட்டு வயது மனிதர், சர்வதேச ஆட்டத்தை விட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. பந்து சுழலவில்லை, குத்திட்டு உள்ளே வந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன்களைப் பிடிப்பதுபோல ஒவ்வொருவராகப் பிடித்தார்.

அந்த ஆண்டு இறுதி ஆட்டத்திலும் அவருக்கு 4 விக்கெட். முதல் ஓவரிலேயே கில்கிறிஸ்டைப் பூஜ்யத்தில் வீழ்த்தினார். இருந்தும் டெக்கான் அணியிடம் 6 ரன்னில் தோற்றார்கள். 2025இல் பஞ்சாபை வென்று முதல் கோப்பை வாங்கியதும் அதே 6 ரன்னில்தான். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, சொல்ல யாரும் விழித்திருக்கவும் இல்லை.

ஆகவே நண்பரே, 2 ரன்னைத் தேட வேண்டாம். கேப்டவுன் 66ஐ எடுத்துப் பாருங்கள்.

ராயக்கோட்டையான்:

ஐயா, கும்ளே விஷயத்தில் தலைகுனிகிறேன். இத்தனை ஆண்டுகளாகக் கும்ளே பந்தை மெக்கல்லம் அடித்ததாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஓட்டுநர் அண்ணனும் ஒருமுறைகூட மறுத்தது கிடையாது.

66 எடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன், ஐயா. நான் கேட்பது வேறு. ஆட்டத்தை ஆயிரம் தடவை பெட்டியில் பார்க்கலாம். அவர் படியிறங்கி வரும்போது மைதானம் என்ன சத்தம் போட்டது என்பதைப் பெட்டி சொல்லாது.

ஓசூர்க்காரி:

அண்ணா, நான் அங்கே இருந்தேன். கடைசிவரை.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அப்பா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிந்தார். சக ஊழியர் ஒருவர் வர முடியாமல் போனதால் அந்த டிக்கெட்டில் என்னை அழைத்துப் போனார். வழி முழுக்க ஸ்கூட்டரில். மைதான ஓரத்தில் ஆடும் நடனக்காரப் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அவர் பார்த்தார்.

நீங்கள் போன பிறகு நடந்தது இதுதான். 223 எடுக்க வேண்டும் என்று தெரிந்தும் யாரும் சோர்ந்துபோகவில்லை. டிராவிடும் வாசிம் ஜாபரும் இறங்கி வந்தபோது, மெக்கல்லத்துக்கு வந்ததைவிடப் பெரிய சத்தம். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு நின்றார், கோயிலில் திரை விலகும்போது நிற்பார்களே, அப்படி. டிராவிட் கையுறை பட்டையை இழுத்து இழுத்துச் சரிசெய்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு இஷாந்த் சர்மா பந்தில் போல்டு. சத்தம் குறையவில்லை, ஒரேயடியாக அறுந்துபோனது. அந்தப் பெரியவர் நாற்காலியிலிருந்து இறங்கி, செருப்பைத் தேடி, ஒன்று கிடைக்காமல் குனிந்து தடவிக்கொண்டே இருந்தார். அடுத்து வந்த கோலி 1. அப்போது அவரை யாருக்குத் தெரியும்? பத்தொன்பது வயதுப் பையன். இளையோர் உலகக் கோப்பை வென்ற அணியின் தலைவன் என்று அப்பா சொன்னார், நான் காதில் வாங்கவில்லை. காலிஸ் 8. அதற்குப் பிறகு மக்கள் எழுந்து போக ஆரம்பித்துவிட்டார்கள். இருந்தவர்கள் வைடு போட்டால்கூடக் கைதட்டினோம். பிரவீண் குமார் 18 எடுத்தார், பேட்டர்களில் இரண்டு இலக்கம் தொட்டது அவர் ஒருவர்தான். அவரையும் மிஞ்சியது உதிரி ரன்கள், 19. “நம் அணியில் இன்று நன்றாக ஆடியவர் உதிரி” என்று அப்பா சொன்னதற்குப் பின்வரிசைக் கன்னடக்காரர்களும் சிரித்தார்கள். அவர் தமிழில்தான் சொன்னார்.

பதினாறாவது ஓவரின் முதல் பந்தோடு எல்லாம் முடிந்தது. அத்திப்பள்ளியில் எங்களை யாரும் நிறுத்தவில்லை, அண்ணா. குளிர் மட்டும்தான்.

காவேரிப்பட்டணம் மாங்காய்:

அந்தப் பெரியவருக்குச் செருப்புக் கிடைத்ததா?

ராயக்கோட்டையான்:

தங்கச்சி, இதைத்தான் கேட்டேன். மகனை உட்கார வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஓட்டுநர் அண்ணனுக்கும் போன் போட்டுச் சொன்னேன். அத்திப்பள்ளியில் யாரும் நிறுத்தவில்லை என்ற இடத்தில் மட்டும் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

இன்னும் ஒன்றே ஒன்று. அந்த 2 ரன்னை எப்படி எடுத்தார்? எந்தப் பக்கம் தட்டினார்?

ஓசூர்க்காரி:

எனக்கு நினைவில்லை, அண்ணா. கையுறைதான் நினைவிருக்கிறது. இன்று காலை அப்பாவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “நான் அப்போது உனக்குத் தண்ணீர் வாங்கப் போயிருந்தேன், திரும்பி வந்தால் ஆளைக் காணோம்” என்கிறார்.

செருப்புக் கிடைத்துவிட்டது. என் காலுக்கடியில் இருந்தது.