பெண் மந்திரவாதியை என்ன சொல்லி எழுதுவது?

வணக்கம் மக்களே. பாபநாசம் பக்கம், பொதிகை அடிவாரத்தில் நடக்கிற மாயக்கதை ஒன்று எழுதுகிறேன். நாயகி மந்திரம் கற்றவள், நல்லவள். அவளுக்கு ஒரு சொல் கிடைக்காமல் பத்து நாளாக முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

‘சூனியக்காரி’ என்றால் முதல் வரியிலேயே செய்வினையும் எலுமிச்சம்பழமும் வந்துவிடும். ‘மந்திரக்காரி’யும் ஏறக்குறைய அப்படித்தான். ‘மந்திரவாதி’ அரசியல்வாதி மாதிரி இருபாலுக்கும் பொருந்தும், ஆனால் வாசிப்பவர் மனதில் தாடிக்காரர்தான் வருகிறார். அத்தையிடம் கேட்டேன். “பொம்பளைன்னா சூனியக்காரிதாம்ல” என்று முடித்துவிட்டார். ‘மாந்திரீகை’ என்று நானே ஒன்று உண்டாக்கினேன், ஒட்டவில்லை.

ஆங்கிலத்திலும் இதே கூத்துதான். பழைய ஆங்கிலத்தில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இருந்த சொல், ‘விட்ச்’ ஆகி இன்று பெரும்பாலும் பெண் தலையிலேயே விழுகிறது.

நம் ஊர்க் கோயில் கொடைவிழாவில் சாமியாடும் கோமரத்தாடி வேறு, அந்தச் சொல்லைத் தொடப் போவதில்லை.

‘மந்திரவாதி வந்தாள்’ என்று வினையிலேயே பாலைக் காட்டினால் போதுமா? இல்லை, உங்கள் ஆச்சிமார் கதைகளில் வேறு சொல் உண்டா? அம்பாசமுத்திரம், தென்காசி ஆட்கள் கட்டாயம் சொல்லுங்கள்.